மாஹிராவை மாதிரிப் பள்ளிக்குக் கேட்கிறார்கள்

கள்ளக்குறிச்சி,
வியாழக்கிழமை, கடையிலிருந்து.

மரியாதைக்குரிய நவுஷாத் மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தங்கை வீட்டுக்காரன் சாதுல்லா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். ஆம்பூரில் நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். உங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை ஷாஜாதிக்கும் உடம்பில் ஒரு குறையுமில்லை. பேச்சு மட்டும் நின்றிருக்கிறது, அதுவும் என்னிடம் மட்டும். பக்கத்து வீட்டில், மாடி வீட்டில், மீன்காரரிடம் எல்லாம் நன்றாகத்தான் பேசுகிறாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். மன்னிக்கணும் மச்சான், நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். இங்கே நான் ஒரு ரகசியம் சொன்னால் அங்கே உங்கள் தெரு முழுக்கக் கேட்டுவிட்டு, சாயங்காலத்துக்குள் அது ஷாஜாதிக்கே திரும்பி வந்துவிடும். அதனால்தான் கடையில் உட்கார்ந்து, தலையணை மூட்டை மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து மேடு பள்ளமாக இருந்தால் அது பஞ்சின் குற்றம்.

விஷயத்துக்கு வருகிறேன். மாஹிராவைக் கேட்கிறார்கள். பதறாதீர்கள், பெண் கேட்டு யாரும் வரவில்லை, அவள் இப்போதுதான் எட்டாவது முடித்திருக்கிறாள். கேட்பது கவர்மெண்டு. அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வைத்து, அதில் மேலே வருகிறவர்களைப் பொறுக்கியெடுத்து, மாவட்டத்துக்கு ஒன்று என்று மாதிரிப் பள்ளி நடத்துகிறார்களாம். ஒன்பதாவதிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் அங்கேயே தங்கிப் படிக்கணும். சாப்பாடு, படுக்கை, புத்தகம் எல்லாம் அவர்களே. நம்மிடம் ஒரு பைசா கேட்கவில்லை. நான் வியாபாரி மச்சான். பைசா கேட்காமல் ஒருவர் ஒன்றைக் கொடுக்கிறார் என்றால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? போன மாசம் மாஹிரா வந்து, “கம்ப்யூட்டர்ல பரீட்சையாம் அத்தா, எல்லாரும் எழுதறாங்க” என்றாள். நான் பெட்ஷீட் மடித்துக்கொண்டே “எழுதும்மா” என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்று வீட்டில் எனக்குச் சூடாகச் சோறு கிடைத்திருக்கும்.

அவள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை செந்தமிழ்ச்செல்வி டீச்சர் நேரில் கடைக்கே வந்துவிட்டார். நான் வியாபாரத்துக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, திரைச்சீலைத் துணியெல்லாம் இறக்கி விரித்து, சாயம் போகாது டீச்சர் என்று சத்தியம் வரைக்கும் போய்விட்டேன். அப்புறம்தான் அவர், “பாய், நான் வாங்க வரலீங்க. உங்க பொண்ணு செலக்ட் ஆயிட்டா. மாவட்டத்துலயே முன்னாடி வந்திருக்கா” என்றார். எனக்கு உடனே வந்த பதில், “வேற மாஹிராவா இருக்கும் டீச்சர், நல்லாப் பாருங்க. இது அடுப்புல பால வச்சிட்டுப் பொங்கவுட்ற புள்ள.” டீச்சர் விடவில்லை. “பால் பொங்கறப்ப இன்னா பண்ணிக்கினு இருந்தா?” “புக்கு படிச்சிக்கினு இருந்தா.” டீச்சர் சிரித்தார். நான் செய்த புகாரை எனக்கு எதிரான சாட்சியாகத் திருப்பிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். விரித்த துணியையெல்லாம் மடிக்க எனக்கு மதியம் ஆனது.

அதற்கப்புறம் கடை கடையாக இல்லை. டீக்கடைக்காரர் டீ கொடுத்துவிட்டு டம்ளரைத் திரும்ப வாங்க மறந்து நின்று பேசுகிறார். கச்சிராயபாளையத்திலிருந்து வீரமுத்து என்று ஒரு கரும்பு விவசாயி வருவார், என்னுடைய பழைய வாடிக்கை. ஒரு போர்வை வாங்க அரைநாள் பேரம் பேசுவார். நானும் ஜாஸ்தி சொல்வேன், அவரும் கம்மியாகக் கேட்பார், நடுவில் இரண்டு பேரும் கோபித்துக்கொள்வோம், கடைசியில் சந்தோஷமாகப் பிரிவோம். அந்த மனுஷர் போன வாரம் வந்தார். சொன்ன விலையைக் கேட்டார், எடுத்து வைத்துவிட்டார். “இன்னாங்க, ஒரு வார்த்தையும் பேசலியே?” என்றேன். “கலெக்டராவப் போற பொண்ணோட அப்பாகிட்ட இன்னா பேரம் பாய்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். பேரம் பேசாத வீரமுத்துவைப் பார்த்தபோதுதான் இது ஏதோ பெரிய விஷயம் என்று எனக்கு உறைத்தது.

சரி, எதையும் பேசித் தீர்க்கலாம் என்று செவ்வாய்க்கிழமை மாஹிராவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு டீச்சர் அறையில் உட்கார்ந்தேன். “பகல்ல படிக்கட்டும் டீச்சர், ராத்திரி மட்டும் வூட்டுக்கு அனுப்பிடுங்க” என்றேன். “அங்கயே தங்கித்தான் படிக்கணும் பாய்” என்றார். “அப்ப ஒருநாள் வுட்டு ஒருநாள்?” “முடியாதுங்க.” “வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பி, திங்கக்கிழமை காலைல நானே கொண்டாந்து வுட்றேன்.” “அதுவும் முடியாதுங்க. ஸ்கூல்ல சொல்ற லீவுக்குத்தான் வரலாம்.” நான் இறங்கி இறங்கி வருகிறேன், அவர் ஒரு இஞ்சும் இறங்கவில்லை. இப்படிப்பட்ட ஆளிடம் என்ன செய்யணும் என்று வியாபாரம் தெரிந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எழுந்துவிட்டேன். “அப்ப வேணாங்க டீச்சர். இருக்கற பள்ளிக்கூடத்துலயே படிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, மாஹிரா பின்னால் வருகிறாள் என்ற நினைப்பில் வெளியே நடந்தேன்.

நம் கடையில் எழுந்து போகிறவரை நாம் விட்டதுண்டா மச்சான்? படி இறங்குவதற்குள் “அட வாங்க, கோச்சிக்காதீங்க” என்று கூப்பிட்டுவிட மாட்டோமா? நானும் மெதுவாகத்தான் நடந்தேன். கொடிக்கம்பம் வரைக்கும் போனேன், சத்தமில்லை. குழாயில் தண்ணீர் குடித்தேன், தாகமில்லாமல். கேட்டில் நின்று கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தேன். வாட்ச்மேன் வந்து, “யாரப் பாக்கணும் பாய்?” என்றார். அப்போது பின்னாலிருந்து டீச்சர் குரல், “பாய்! பாய்!” அல்ஹம்துலில்லாஹ் என்று முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டு திரும்பினேன். “கணக்கு வாத்தியார் செருப்பப் போட்டுக்கினு போறீங்க!” என்றார். திரும்பிப் போய், செருப்பை மாற்றிக்கொண்டு, மாஹிராவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்தம்மா. திங்கட்கிழமைக்குள் நான் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்பதை மட்டும் வாட்ச்மேன் முன்னாலேயே சொல்லி அனுப்பினார்.

பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்றதற்காக அன்றிலிருந்து உங்கள் தங்கை என்னிடம் பேசுவதில்லை. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, “மாஹிரா, கடக்காரருக்குச் சோறு வேணுமான்னு கேளு” என்கிறாள். ரசம் மட்டும் வருகிறது. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். இந்தப் பெண் அழ மாட்டேன் என்கிறாள் மச்சான். ஒரு தடவை அழுதால், ஒரு தடவை “நான் போவணும் அத்தா” என்று அடம்பிடித்தால், நானும் இரண்டு வார்த்தை சத்தம் போட்டு, அப்புறம் ஒரு வழிக்கு வரலாம். அவள் பாட்டுக்குக் கடைக்கு வருகிறாள், வருகிறவர்களுக்குத் துணி எடுத்துக் காட்டுகிறாள், கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். நான் பார்த்தால் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பில் ஏதோ இருக்கிறது. என்னவென்றுதான் பிடிபடவில்லை.

என் காரணங்களை நீங்களே கேட்டு நியாயம் சொல்லுங்கள். அவளுக்குத் தலை பின்னத் தெரியாது. கத்தரிக்காயைத் தட்டில் பார்த்தாலே எழுந்துவிடுவாள். சுவரில் பல்லி இருந்தால் அந்த அறையில் தூங்க மாட்டாள், கவர்மெண்டு கட்டடத்தில் பல்லி இல்லாமல் இருக்குமா? காய்ச்சல் வந்தால் யாரிடமும் சொல்ல மாட்டாள், கண்ணைப் பார்த்து நாம்தான் கண்டுபிடிக்கணும். விடியற்காலை ஃபஜ்ர் தொழுகைக்கு எழுப்பினால் எழுந்து உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே தூங்குவாள், இரண்டாவது தடவை யார் எழுப்புவார்கள்? எல்லாப் பிள்ளைகளும் கெட்டிக்காரப் பிள்ளைகளாக இருக்கிற இடத்தில் ஒரு பரீட்சையில் பின்னால் வந்துவிட்டால் முகம் எப்படிச் சுருங்கிப்போகும்? அதைப் பார்க்கக்கூட நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம். தினமும் கடை ஷட்டரை இழுக்கும்போது அந்தப் பக்கம் அவள் பிடிப்பாள், வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அன்று படித்ததைச் சொல்லிக்கொண்டே வருவாள். பாதி எனக்குப் புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டுவேன். எனக்கு அது வேணும் மச்சான். இதை ஷாஜாதியிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, உங்களிடம் சொல்லிவிட்டேன்.

அந்தப் பள்ளி எவ்வளவு தூரம் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைக் கேட்காமல் இருந்தால் நல்லது. சரி, மறைக்கவில்லை, ஊர் எல்லையில்தான். நம் கடை வாசலில் ஷேர் ஆட்டோ ஏறினால் டீ ஆறுவதற்குள் இறங்கிவிடலாம். ஆனால் மூடின கேட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் கள்ளக்குறிச்சி என்ன, கல்ஃப் என்ன?

ஆகவே, வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்கு நீங்கள் கட்டாயம் இங்கே வரணும். அண்ணன் சொல்லை ஷாஜாதி தட்ட மாட்டாள். “சாதுல்லா செய்ததுதான் சரி, பொம்பளப் புள்ள வூட்டோட இருந்து படிக்கட்டும்” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் முடிவு செய்துவிட்டேன், கையெழுத்துப் போட மாட்டேன். உலகமே வந்து கேட்டாலும் மாற மாட்டேன். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். பெரியவர்களுக்கு என் சலாம், சின்னவர்களுக்கு என் முத்தம்.

இப்படிக்கு, உங்கள் துணையையே நம்பியிருக்கும்,
சாதுல்லா

பி.கு.: இது அடுத்த வியாழக்கிழமை எழுதுவது. கடிதத்தைப் பெட்டியில் போட மறந்து சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். திங்கட்கிழமை, வேண்டாம் என்பதை மரியாதையாக நேரில் சொல்லலாம் என்று டீச்சரிடம் போனேன். மனசு கேட்காமல், “அன்னிக்கு நான் எழுந்து போனப்ப ஒரு வார்த்த கூப்புடக் கூடாதாங்க?” என்று கேட்டுவிட்டேன். டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “கூப்புடத்தான் எழுந்தேன் பாய். உங்க பொண்ணுதான் கையப் புடிச்சி உக்கார வச்சிட்டா. ‘எங்கத்தாவ இப்பக் கூப்புட்டா வந்து மறுபடியும் பேரம்தான் பேசுவாரு. வுட்டுடுங்க டீச்சர், திங்கக்கிழமை தானா வருவாரு. செருப்ப மட்டும் சொல்லிடுங்க’ன்னா.” எனக்குக் கோபம்தான் வந்திருக்கணும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னை இப்படிப் படித்து வைத்திருக்கிற பிள்ளையைத் தலையணை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்? டீச்சரிடமே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். நேற்று கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.

நேற்றிலிருந்து ஷாஜாதி என்னிடம் பேசுகிறாள். மேலே நான் எழுதியிருக்கிற காரணங்களை ஒன்று விடாமல் சொல்கிறாள், இந்தக் கடிதத்தை அவள் பார்க்கவேயில்லை. தலை யார் பின்னுவா, காய்ச்சல் வந்தா யார் பாப்பா, நீங்க ஏன் கையெழுத்துப் போட்டீங்க, போய்க் கூட்டிக்கினு வாங்க என்று அழுகிறாள். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. அதனால் மச்சான், இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே புறப்பட்டு வந்துவிடுங்கள். மேலே உள்ள ஒவ்வொன்றுக்கும் வழியிலேயே ஒரு நல்ல பதில் யோசித்துக்கொண்டு வந்து, உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள். போனில் பேசுகிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன்.