நாலாம் பேனலில் கம்பி தெரியவில்லை

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் ஒழுங்குபடுத்தாமல் சும்மா இருக்க முடியாது. மசாலா டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கிவிட்டு, கடுகைக் காணாமல் கால் மணி நேரம் தேடியிருக்கிறேன் (கடுகில்லாத ரசத்தைக் குடித்த என் கணவர் நன்றாக இருக்கிறது என்றார், பயந்த சுபாவம்). இதெல்லாம் வீட்டோடு போகிற சேதம். பத்துக் குடும்பங்களின் வீட்டுக்கே இந்த வியாதி உலை வைக்கப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அதைத்தான் இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது டிப்ளோமா முடித்த கையோடு, ரிங்லெட் என்ற மலையூரில் தவமணி அண்ணன் என்ற கட்டடக் குத்தகையாளரிடம் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பத்துத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிய ஒரு லயத்துக்குப் பின்னால் மலை சரிந்து, மண் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அத்தனை பேரையும் தோட்டத்து மண்டபத்தில் தங்க வைத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு பேனல் என்று பத்துப் பேனல்களில் தடுப்புச் சுவர் எழுப்புவது எங்கள் வேலை.

ஒவ்வொரு பேனலுக்கும் கம்பி கட்டி முடித்ததும் என்ஜினியர் புவான் ரோஹானா (புவான் என்றால் மலாயில் அம்மையார்) வந்து, கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளப்பார். அவர் தலையாட்டிய பிறகுதான் கான்கிரீட். ஊற்றிய பிறகு உள்ளே கம்பி இருக்கிறதா, கரும்பு இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. நாலாம் பேனலன்று பார்த்துத் தாப்பா சாலையில் மண் சரிந்து அவரால் மேலே வர முடியவில்லை. மழையோ கறுத்துக்கொண்டு வந்தது. போனில் சொன்னார்: "ஊற்றுங்கள், நான் பிறகு பார்க்கிறேன். ஆனால் நிறையப் படம் எடு. இடைவெளி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் பேனலை உடைக்கச் சொல்வேன்." முப்பத்திரண்டு படங்கள் எடுத்தேன். கான்கிரீட் ஊற்றினார்கள். அதுவரை எல்லாம் சரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தெம்பில், வியாதி தலைதூக்கியது. சைட் படங்களையெல்லாம் போனில் குறிப்பெழுதும் செயலி ஒன்றில் போட்டு வைத்திருந்தேன். இரண்டாயிரத்துக்கு மேல். மலையில் கிடைக்கிற இன்டர்நெட் லைனுக்கு ஒரு படம் திறப்பதற்குள் ஒரு பிளாஸ்க் டீ காலியாகிவிடும். படங்களைச் சுருக்கும் வசதி ஒன்று கண்ணில் பட்டது. பெரியது, நடுத்தரம், சிறியது, மிகச் சிறியது என்று நான்கு அளவுகள். செய்வதைத் திருந்தச் செய்வோமே என்று மிகச் சிறியதை அழுத்தினேன். முழு அளவு மூலப் படங்களை அழித்துவிடவா என்று அது மரியாதையாகக் கேட்டது. அழி என்றேன்.

அதோடு நின்றேனா? ஒவ்வொரு குறிப்புக்கும் தலைப்பு வைத்தேன். வரைபடத்தில் ஒன்று, இரண்டு என்று எண் இருந்தாலும், தோட்டத்தில் எண்ணைச் சொல்லி யாரும் வீடு தேட மாட்டார்கள். ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் தெரியாமல் அதைச் சொல்வதுதான் வழக்கம். "குறட்டை வீட்டுப் பின்னாடி முடிஞ்சிருச்சி", "லவுட்ஸ்பீக்கர் மூலையில கம்பி கட்டியாச்சி" என்றுதான் மேஸ்திரி என்னிடம் சொல்வார். தேட வசதியாக இருக்குமே என்று நானும் அப்படியே எழுதி வைத்தேன் (என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஒரு தூக்கமும் போட்டேன்).

சுவர் முடிந்தது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. புவான் கையெழுத்துப் போட்டால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். இரண்டு மாதமாகச் சேலையைக் கட்டித் தடுத்து, பத்துக் குடும்பங்கள் ஒரே மண்டபத்தில் இருந்தன. ஜனங்களும் பார்க்கட்டும் என்று தோட்டத்துத் துரை கூட்டத்தை அந்த மண்டபத்திலேயே வைத்துவிட்டார். கோயில் கமிட்டியின் புரொஜெக்டர் வந்தது. சுவரில் வெள்ளை வேட்டி கட்டினார்கள். என் போனைச் சொருகினேன்.

புவான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மற்ற ஒன்பதும் நானே அளந்தது. நாலாவதை மட்டும் காட்டு," என்றார் மலாயில்.

தேடும் இடத்தில் 4 என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் என் தலைப்புகள் நினைவுக்கு வந்தன.

"முழுப் பட்டியலையும் திற," என்றார் புவான்.

வேறு வழியில்லை. திறந்தேன். 'குறட்டை வீடு', 'பல்லு வீட்டு வாசல்', 'கடன்காரன் பின்பக்கம்' என்று என் தலைப்புகள் வேட்டியில் முழ நீளத்துக்கு வரிசையாக நின்றன. மண்டபத்தில் முதலில் ஒரு சின்னச் சிரிப்பு கிளம்பியது. பிறகு ஒவ்வொருவராகத் தத்தம் பெயரைக் கண்டுபிடித்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

நாலாவது வரியில் 'லவுட்ஸ்பீக்கர் மூலை'.

நாலாம் வீடு சரோஜா அக்காவுடையது. கொழுந்து எடுக்கும் மலையின் இந்தக் கோடியில் அவர் இருமினால் அந்தக் கோடியில் கூடை நழுவும். முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

அந்தத் தலைப்பைத் தொட்டேன். முப்பத்திரண்டு படங்களும் தபால்தலை அளவில் வந்தன. ஒன்றைப் பெரிதாக்கினேன். சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது. இன்னொன்று அதைவிட மோசம், கிண்டிய உப்புமா மாதிரி இருந்தது.

"இது கம்பியா, மழையா?" என்றார் புவான்.

"கம்பிதான் புவான்."

"எங்கே?"

எனக்கும் தெரியவில்லை. முப்பத்திரண்டையும் பார்த்தோம். கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தாக் நம்பாக். தெரியவில்லை. தெரியாததற்கு நான் கையெழுத்துப் போட முடியாது. நாலாம் பேனலை உடையுங்கள்."

உடைத்து, திரும்பக் கட்டி, காய வைக்க இன்னும் இரண்டு மாதம். மழைக்காலம் முழுக்க இவர்கள் இதே மண்டபத்தில். தவமணி அண்ணன் என்னைத் திட்டவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பின்னால் ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது சரோஜா அக்கா எழுந்தார். இடுப்பிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நாலாம் பேனல் படம் எங்கிட்ட இருக்கு. ஆனா அதுக்கு முன்னால நீ ஒண்ணு சொல்லு, தங்கச்சி. லவுட்ஸ்பீக்கர் யாரு?"

மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் கூரையில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். புவான் என்ன நடக்கிறதென்று துரையிடம் கேட்க, அவர் பொறுங்கள் என்று கைகாட்டினார்.

"நீங்கதான்... அக்கா."

"கேக்கல."

"நீங்கதான் அக்கா."

"இருபது வருஷமா என் முதுகுக்குப் பின்னாடி சொல்றானுங்க. நீதான் மொகத்துக்கு நேரா எழுதிக் காட்டுன. இந்தா," என்று போனைக் கொடுத்தார். உட்காரப் போனவர் திரும்பிப் புவானைப் பார்த்தார். "போன மழையில மண்ணு என் அடுப்பு வரைக்கும் வந்துச்சி புவான். எனக்குத் தூக்கம் வரணும்லா. அதான் நானே அளந்தேன்." துரை அதை மலாயில் சொன்னார்.

படத் தொகுப்பு ஒன்றைத் திறந்தபடியே அவர் கொடுத்த போனைப் புரொஜெக்டரில் சொருகினேன். தேதி வாரியாக, பேனல் வாரியாக, அச்சடித்த மாதிரி ஒழுங்கு. நாலாம் பேனலுக்குள் போனால், பின்சுவரில் 4 என்று எழுதிய அவருடைய வீடு. அதன் முன்னால் கம்பிகள். கம்பிகளின் மேல் தையல் டேப். ஆறு அங்குலம். அடுத்ததும் ஆறு. ஓர் இடத்தில் மட்டும் எட்டு.

"அதை மேஸ்திரிகிட்ட சத்தம் போட்டு மாத்த வெச்சேன். அடுத்த படத்தைப் பாரு," என்றார் அக்கா. அடுத்த படத்தில் ஆறு. (அந்தச் சத்தம் எனக்கும் கேட்டிருந்தது. வழக்கமான சண்டை என்று நினைத்திருந்தேன்.)

புவான் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். கம்பியின் துரு கூடத் தெரிந்தது. வீட்டுப் பக்கமிருந்து எடுத்த கடைசிப் படத்தில் கம்பிகளுக்குப் பின்னால், மேட்டுப் பாதையில், மூடுபனிக்கு நடுவே ஒரு பெரிய குடை. எவ்வளவு தெளிவு என்று பார்க்க அதையும் பெரிதாக்கினார். குடைக்கு அடியில் நான். கையில் பாதி கடித்த கறிபாப். அதன் உருளைக்கிழங்கு கூடத் தெரிந்தது.

"இவ்வளவு தூரத்திலிருந்தா படம் எடுத்தாய்?" என்று கேட்டார் புவான். சேறாக இருந்தது என்பதையெல்லாம் ஒரு காரணமாகச் சொல்ல முடியுமா?

படத்தை மூடிவிட்டு, தொகுப்புகளின் பட்டியலுக்குத் திரும்பினேன். அந்தப் படங்கள் இருந்த தொகுப்புக்கு அக்கா வைத்திருந்த தலைப்பு அப்போதுதான் வேட்டியில் விழுந்தது: 'குடைக் கிராணி மேல் புகார்'. தோட்டத்தில் மேற்பார்வை பார்ப்பவருக்குக் கிராணி என்று பெயர். துரையிடம் கொடுப்பதற்காகச் சேர்த்து வைத்தவையாம். எனக்கு மட்டும் பட்டப்பெயர் இல்லை என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். முதல் ஆளாகக் குறட்டை வீட்டுக்காரர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது.

புவான் கையெழுத்துப் போட்டார். தீபாவளிக்கு எல்லாரும் வீட்டில் இருந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து ரிங்லெட்டில் எனக்குக் கல்யாணம் நடந்தது. அந்த லயத்துக்காரர்கள் ஒரே லோரியில் வந்து இறங்கி, வரிசையில் நின்று, ஆளுக்கொரு குடை பரிசு கொடுத்துவிட்டுப் போனார்கள். பத்து வீட்டுக்குப் பத்துக் குடை. விஷயம் தெரியாத மாப்பிள்ளை வீட்டார், இது மலைநாட்டுச் சடங்கு போலிருக்கிறது என்று பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் மழை தூறினால் என் கணவர், "கிராணி, இறங்கலையா?" என்று கேட்பார்.

ஒன்பது குடைகள் கைக்குள் அடங்குகிற மடக்குக் குடைகள். சரோஜா அக்கா கொடுத்தது மட்டும் மடங்காத நீளக் குடை. பிடியில் ஒரு சீட்டு கட்டியிருந்தது: 'இதையாவது சின்னதாக்காத.'