பூமிச்சூட்டுக் கருவாடு

தொட்டிக்குள் விட்ட வெப்பமானி முப்பதைத் தாண்டவில்லை. அறுபது காட்ட வேண்டும். இன்னும் ஒரு மணி நேரத்தில் பார்வையிட ஆள் வருகிறார்.

கரீமுல்லா, கோபாலபுரத்தில் இருக்கும் ஒரு கிராம மேம்பாட்டு நிறுவனத்தின் திட்ட அலுவலர். பூமிக்கடியில் இருக்கும் வெந்நீரை மேலே கொண்டுவந்து, அந்தச் சூட்டில் மீனவர்கள் கருவாடு காயவைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். அதற்காக ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஆழமாகத் துளை போட்டு, இரும்புத் தொட்டி வைத்து, கொட்டகையும் கட்டியாயிற்று. அவர் அங்கே வருவது இது மூன்றாம் தடவை. மீன் கவிச்சி அவருக்கு ஒத்துக்கொள்ளாது. குப்பத்து ஜனங்களிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற எண்ணமும் அவருக்கு வந்ததில்லை. இன்று சூடு காட்டாவிட்டால் திட்டம் போகும், வேலையும் போகும்.

வெந்நீர் போடும் கம்பி நான்கை வாங்கிவந்து தொட்டியில் இறக்கி, ஒரே பிளக்கில் செருகினார். சந்து முழுக்கக் கரண்ட் போயிற்று. மிக்சியில் பாதி அரைத்த மசாலாவோடு பெண்கள் வாசலுக்கு வந்து அவருடைய பரம்பரையை விசாரித்தார்கள்.

அடுத்து, கொட்டகையைப் பெருக்கும் அந்தோணியம்மாளை ஒரு வண்டி சவுக்குக்கட்டை கொண்டுவரச் சொன்னார்.

"இன்னாத்துக்கு சார் இம்மாங்கட்டை?"

"பேசாம கொண்டு வாம்மா."

தொட்டிக்கு அடியில் அடுக்கிப் பற்றவைத்து, தார்ப்பாயால் மறைத்தார். நன்கொடையாளர்கள் அனுப்பிய பொறியாளர் கமர் ஜஹான் வந்து சேர்ந்தபோது, கொட்டகைக்குள் ஆள் முகம் தெரியவில்லை.

"இது என்ன புகை?"

"பூமியிலேருந்து வர்ற ஆவி மேடம்" என்றார் கரீமுல்லா, பெருமையாக.

கமர் ஜஹான் குனிந்து தரையைத் தொட்டார். சுட்டது. ஆவி தானாகவே மண்ணைப் பிளந்து வருகிறதென்றால் இங்கே ஒரு குடும்பம்கூட இருக்கக் கூடாது, சாயங்காலத்துக்குள் குப்பத்தையே காலிசெய்ய வேண்டும் என்று சொல்லி, போனை எடுத்தார். அது காதில் விழுந்ததும் நாற்பது பேர் கரீமுல்லாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அவர் தார்ப்பாயை விலக்கி அடுப்பைக் காட்டினார்.

கமர் ஜஹான் போனை உள்ளே வைத்தார். உண்மையை எழுதிக் கொடுக்கச் சொன்னார். 'இந்த மண்ணில் சூடு கிடையாது. மக்களுக்கு இத்திட்டத்தால் எந்தப் பயனும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் கரீமுல்லா. கடிதத்தோடு கார் புறப்பட்டுப் போயிற்று.

அந்தோணியம்மாள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"சுடுதண்ணி வோணும்னா நேத்தே சொல்லக்கூடாதா சார்? கருவாடு காய வெயில் கீதுன்னு, நீ போட்ட தொளையிலேர்ந்து ராத்திரி தொட்டில ரொம்பற சுடுதண்ணிய மொண்டு தெனமும் குப்பமே குளிச்சிகினு கீது. உன் தொட்டி காலியா கெடக்கக் கூடாதேன்னு நாங்கதான் அடிபம்புல பச்சத்தண்ணி அடிச்சி ரொப்பி வெக்கிறோம்."