அடி அண்ணாமலையில் ஓர் அலையாத்திக் காடு

அலையாத்தி மரங்கள் எந்தப் பருவத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன என்று எல்லா மாவட்டங்களும் அறிக்கை அனுப்ப வேண்டும் என ஒரு சுற்றறிக்கை வந்தது. அலையாத்தி கடலோரச் சேற்றில் வளர்கிற மரம். திருவண்ணாமலையிலிருந்து கடலுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஆனால் கணினிப் படிவத்தில் 'எங்கள் மாவட்டத்தில் இல்லை' என்று எழுதக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததால் மரம் உண்டு என்று ஆயிற்று. அதைத் தேடும் பொறுப்பு அலுவலர் புகழேந்திக்கு வந்தது. மரத்துக்கு ஊற்ற லாரித் தண்ணீரும் ஒதுக்கினார்கள்.

மாசி மாதம் அவர் ஜீப்பில் மலையை இரண்டு சுற்று சுற்றினார். கிரிவலம் என்று நினைத்து ஒருவர் விபூதி கொடுத்தார், அதையும் வாங்கிக்கொண்டார். அடி அண்ணாமலையில் என் ஜெராக்ஸ் கடை எதிரே வள்ளி ஜீப்பை மறித்தாள். அறுபது சென்ட்டில் கடலை போட்டிருந்தாள். கிணறு வற்றிவிட்டது.

"பூ பூத்து விழுது எறங்குற நேரம் சார். இப்ப தண்ணி கட்டலன்னா காய் புடிக்காது."

"மேலேர்ந்து மண்ணுக்குள்ள எறங்குதா?"

"ஆமாங்க சார்."

புகழேந்தி படிவத்தைப் புரட்டினார். 'மண்ணுக்கு மேலிருந்து மண்ணுக்குள் இறங்கும் உறுப்பு உண்டா?' என்பது மூன்றாவது கேள்வி.

"இது கடலைச் செடிங்க சார்" என்றாள் வள்ளி.

"பேரு நாங்க வெச்சுக்கறோம்" என்றார் அவர்.

மறுநாள் காலை சாந்த் பாஷா தண்ணி லாரியோடு வந்தார். கூடவே உத்தரவுப்படி ஒரு மூட்டை உப்பு. வள்ளி மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"பாய், உப்ப நெலத்துல கொட்ட வுடமாட்டேன்."

"எனக்கு மட்டும் ஆசையா தங்கச்சி? போட்டோவுல மூட்டை தெரிஞ்சா போதும்."

படம் எடுத்ததும் மூட்டையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கடலைக்குத் தண்ணீர் பாய்ந்தது. ஊருக்கு வயிறு எரிந்தது. மூன்றே நாளில் ஊரிலுள்ள முருங்கை, செம்பருத்தி, கறிவேப்பிலை எல்லாம் அலையாத்தி என்று மனு கொடுத்துவிட்டன. அத்தனை மனுவையும் எழுதியவன் நான்தான். என் வீட்டு மணி பிளான்ட்டுக்கும் ஒன்று எழுதினேன்.

பங்குனி பிறந்ததும் லாரி நின்றுபோனது. காரணம் அறிவியல் பூர்வமானது. கோடையில் கடலோரச் சேற்றில் உப்பு ஏறும். உப்பை வெளியே நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் இழுப்பது வேருக்குப் பெரும்பாடு. அதனால் மரம் கோடையில் கம்மியாகக் குடிக்கும், மழை பெய்து நல்ல தண்ணீர் வந்ததும் வயிறு முட்டக் குடிக்கும். ஆய்வாளர்கள் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை. அதை அப்படியே லாரி அட்டவணையாக மாற்றி, கோடைக்கு 'தேவையில்லை', மழைக்காலத்துக்கு 'முழு அளவு' என்று போட்டிருந்தார்கள்.

"செடி வாடுது சார்" என்றாள் வள்ளி.

"வாடலம்மா. சிக்கனமா இருக்குது."

"எல சுருண்டுபோச்சு சார்."

"தண்ணி ஆவியாவாம காப்பாத்துது. நல்லதுதானே?"

"அது சேத்துல நிக்கிற மரம் சார். இது என் சோறு."

"ரெண்டுத்துக்கும் ஒரே அட்டவணைம்மா."

இந்தச் சிக்கனம் செங்கம் ரோடுவரை பரவியது. அங்கே ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களை நம்பிக் கஃபே வைத்திருந்த பிரசாத் 'அலையாத்தி தியானம்' ஆரம்பித்தான். முழங்கால் சேற்றில் மதியம் வரை நிற்க வேண்டும். குடிக்க அரை டம்ளர் உப்புத் தண்ணீர். மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். மற்றவர்கள் அவர்களைப் பொறாமையோடு பார்த்தார்கள். புகழேந்தியும் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"வெளிநாட்டுக்காரங்களே கம்மியா குடிச்சிட்டு நிம்மதியா நிக்கறாங்க, ஒன் செடிக்கு என்னம்மா கேடு?" என்று வள்ளியைக் கேட்டார்.

சித்திரையில் கொடி சருகாகிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் எல்லாம் பருப்பில்லாத பொக்கு. அடுத்த போகத்துக்கு விதைக்கடலைகூட தேறவில்லை. வள்ளி வரப்பில் உட்கார்ந்து அழுதாள். நாங்கள் ஆறுதல் சொன்னோம். சொல்லிவிட்டு, எங்கள் மனுக்கள் எந்த மேஜையில் இருக்கின்றன என்று விசாரிக்கப் போனோம். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனுவை வாபஸ் வாங்கவில்லை.

கோடை நீர்ப் பயன்பாடு பூஜ்யம் என்று அறிக்கை போனது. மாநிலத்திலேயே சிக்கனமான அலையாத்தி எங்களுடையதுதான் என்று புகழேந்திக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். எங்கள் மனுக்களும் அதே வேகத்தில் ஏற்கப்பட்டன.

ஐப்பசியில் அடைமழை. ஏரி நிரம்பி, வள்ளியின் நிலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற அன்று, முழு அளவோடு லாரி வந்தது. சாந்த் பாஷா ரெயின்கோட்டு போட்டுக்கொண்டு குழாயைத் திறந்தார். நிலத்தில் விழுந்த தண்ணீர் எது, மழை எது என்று தெரியவில்லை.

"ஏரியில வுட்டுடுங்க பாய்" என்றாள் வள்ளி.

"ஏரி அலையாத்தி இல்லியே தங்கச்சி. கையெழுத்து போடு, அடுத்த வீட்டுக்குப் போவணும்."

"போட மாட்டேன்."

பின்னாலிருந்து கூச்சல் கிளம்பியது. அவள் போட்டால்தான் லாரி அடுத்த வீட்டுக்கு நகரும். ஊரே குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. நான் நாலாவது ஆள். கையில் இரண்டு குடம்.

வள்ளி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்ணா, குடத்த வாசல்ல வெச்சாலே ரொம்பிடுமே?"

"ரொம்பும்தான் வள்ளி. ஆனா இது நம்ம பேர்ல வந்த தண்ணியாச்சே" என்றேன்.