கப்பலில் நான் காப்பாற்றிய இருபத்தொரு ஜோடி

நான் எந்தக் காரியத்தையும் மூன்று முறை யோசித்துவிட்டுத்தான் செய்வேன். செய்த பிறகு நான்காவது முறை யோசித்து, செய்யாமலே இருந்திருக்கலாம் என்று வருந்துவேன். குழந்தையின் பாலில் சர்க்கரை போடுவது முதல் மாமியாருக்குக் கடிதம் எழுதுவது வரை இதுதான் என் வழக்கம். யோசிக்காமல் ஒரே ஒரு காரியம் செய்திருக்கிறேன். அதன் பலனாக, நடுக்கடலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இருபத்தொரு பேர் தங்கள் சொந்த பூட்ஸ் இல்லாமல் நின்றார்கள்.

என் கணவருக்கு ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் உதவியாளர் வேலை. புது மாதிரி தோல் பதனிடும் முறையைக் கற்றுவர அவரை இரண்டு வருஷம் இங்கிலாந்துக்கு அனுப்புவது என்று மண்டி முதலாளி சாயபு தீர்மானித்தார். "தனியா அனுப்பினா ரசம் இல்லாம பேஜாராயிடுவான். பொண்ணையும் குழந்தையையும் கூட்டிக்கினு போகட்டும்" என்று அவரே சொல்லிவிட்டார். அதே கப்பலில் அவருக்குப் பழக்கமான தோல் ஏஜெண்டு துரை ஒருவரும் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அந்தத் துரை மனம் வைத்தால்தான் என் கணவருக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் பயிற்சி கிடைக்கும். "துரை மனசு கோணாம நடந்துக்கோ" என்று சாயபு என் கணவரிடம் மூன்று முறை சொன்னார். என்னிடம் ஒரு முறைதான் சொன்னார். (என்னிடம்தான் மூன்று முறை சொல்லியிருக்க வேண்டும்.)

பம்பாயில் கப்பல் ஏறினோம். கரை மறைந்ததும் என் கணவர் படுத்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. இரண்டு வயது ரூபியும் நானும் மேல்தட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மற்றப் பிரயாணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வேலூரில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். கப்பலில் போகிறவர்கள் எல்லோரும் பத்திரமாகக் கரை சேர வேண்டுமே என்று நாள் முழுவதும் ஜெபம் செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நான் அப்படித்தான் இருந்தேன். அவர்களோ, நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்திருக்கிறது என்ற ஞாபகமே இல்லாமல் இருந்தார்கள். விடிந்ததும் படுக்கையிலேயே தேநீர். பிறகு குளித்துவிட்டுப் பசி எடுப்பதற்காகக் கப்பலைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். பசி எடுத்ததும் சாப்பிடுவார்கள். சாப்பிட்டது செரிக்க மறுபடி நடப்பார்கள். பதினொரு மணிக்கு ஒரு கோப்பை சூப்பு வரும். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் யாராவது மயங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற முன்யோசனை போலிருக்கிறது. நரைத்த தலைக்காரர்கள் கயிற்று வளையத்தை எறிந்து விளையாடி, தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் ஆனால் பெண்கள் முதுகுப் பக்கம் துணி போதாத உடையில் இறங்கி வந்து, வேறு யாருடைய கணவரோடோ நடனம் ஆடுவார்கள். அவர்களுடைய சொந்தக் கணவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு புகை பிடிப்பார்கள். முதல் நாள் இதைப் பார்த்து ரூபியின் கண்ணைப் பொத்தினேன். இரண்டாம் நாள் என் கண்ணைப் பொத்திக்கொண்டேன். மூன்றாம் நாளிலிருந்து, முகங்களைப் பார்க்கக் கூச்சப்பட்டு, எல்லோருடைய கால்களையும் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் ஊர்க்காரிக்குத் தோலைப் பார்ப்பதில் ஒரு கூச்சமும் இல்லை.

கப்பலில் குளிப்பதற்கும் முறை உண்டு. இன்னாருக்கு இன்ன நேரம் என்று எழுதி வைத்துவிடுவார்கள். யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று நான் விடியற்காலை முதல் முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தொட்டியில் வருவது சூடாக்கிய கடல் தண்ணீர். கடைசியில் உடம்பில் ஊற்றிக்கொள்ள மட்டும் ஒரு பாத்திரம் நல்ல தண்ணீர். அந்த ஞாயிற்றுக்கிழமையும் குளித்துவிட்டு, உதட்டில் உப்புக் கரிக்க, எங்கள் அறை வரிசைக்கு வந்தேன்.

இரவில் எல்லோரும் தங்கள் பூட்ஸை அறை வாசலில் வைத்துவிடுவார்கள். எங்கள் வரிசையைக் கவனித்துக்கொண்ட பெத்ரோ என்ற கோவாக்கார ஸ்டூவர்டு அவற்றை மெருகேற்றி, விடிவதற்குள் அவரவர் வாசலில் வைத்துவிடுவார். அன்றும் இருபத்திரண்டு ஜோடி பளபளவென்று வரிசையாக இருந்தன. வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு கப்பல் கலாசி, வாளி நிறையத் தண்ணீரோடும் துடைப்பத்தோடும் தரையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

குளிக்கவே கடல் தண்ணீர் கொடுப்பவர்கள், தரை கழுவவா நல்ல தண்ணீர் கொடுப்பார்கள்?

என் அப்பாவும் மண்டியில் தோல் தரம் பிரித்தவர்தான். பச்சைத் தோலுக்கு உப்பு உயிர், பதப்படுத்திய தோலுக்கு உப்பு எமன் என்பது எங்கள் வீட்டில் நான் வேத வசனத்துக்கு முன்பே கற்ற பாடம். உப்புத் தண்ணீர் பட்ட பூட்ஸ் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து, பிறகு வெடிக்கும். எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. முந்தானையை ஏந்தி அள்ளினேன். நாலு நடை நடந்து, இருபத்தொரு ஜோடியையும் எங்கள் அறையின் மேல் படுக்கையில் (அது என் படுக்கை) கொட்டித் திரையை இழுத்துவிட்டேன். கதவை ஒரு விரல் அளவு திறந்துவைத்து, பெருமூச்சோடு வெளியே பார்த்தேன்.

கலாசி எங்கள் வாசலுக்கு வந்தான். அவசரத்தில் என் கணவருடைய ஜோடியை எடுக்க மறந்திருந்தேன். அவன் குனிந்து, அதைப் பூனைக்குட்டி போல எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கீழே துடைத்தான். தரை காயும்வரை நின்று, பழையபடியே வைத்துவிட்டுப் போனான்.

எல்லா நாளும் அப்படித்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. யார் எழுந்திருப்பதற்கும் முன்பு திருப்பி வைத்துவிடலாம். ஆனால் எந்த ஜோடி எந்த வாசல்? மூன்று நாளாகக் கால்களைப் பார்த்தவள்தானே என்று தைரியம் செய்துகொண்டு, குதிகால் வலப்பக்கம் தேய்ந்த ஒரு ஜோடியை எடுத்தேன். ஏஜெண்டு துரை அப்படித்தான் சாய்ந்து நடப்பார். அவர் வாசலில் வைத்தேன். வைத்ததும் சந்தேகம் வந்தது. அவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவு சின்ன பூட்ஸா? ஓடிப்போய் இருப்பதிலேயே பெரிய ஜோடியைக் கொண்டுவந்து அங்கே வைத்து, சின்னதை எதிர் அறைக் கிழவிச் சீமாட்டி வாசலில் வைத்தேன். கம்பளியால் காலை மூடிக்கொண்டே உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்கு அவ்வளவு பெரிய பாதம் என்று யார் கண்டார்கள்? முதலில் வைத்ததுதான் சரி. அது எனக்குத் தெரிவதற்குள் துரையின் கதவு திறந்து ஒரு கை வெளியே வந்தது. நான் உள்ளே ஓடிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வரிசை முழுவதும் பெத்ரோவைக் கூப்பிட்டு மணி அடிக்கும் சத்தம். கணவரை உலுக்கினேன்.

"ஏங்க, எழுந்திருங்க."

"கப்பல் முழுகுதா?"

"இல்லீங்க."

"அப்ப விடு." சற்றுக் கழித்து மூக்கைச் சுளித்தார். "மேல இன்னா அது, மண்டி வாசனை அடிக்குது?"

"பூட்ஸு."

"யாருது?"

"எல்லாருதும்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் முன்பே பச்சையாக இருந்ததால் மேலும் மாறவில்லை. "சலோமி, வாயைத் தொறக்காதே. துரைக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். எல்லாரும் ஜெபத்துக்குப் போனப்புறம் வாசல் வாசலா வெச்சிட்டா முடிஞ்சுது" என்றார்.

அப்போது பெத்ரோ ரூபிக்குப் பால் கொண்டுவந்தார். ஒரு காலத்தில் மதராஸ் ஹோட்டலில் வேலை பார்த்தவர் என்பதால், எங்களோடு தமிழ் பேசுவார். என் கணவருக்கு எலுமிச்சம்பழமும் எனக்கு வெந்நீரும் கேட்காமலே கொண்டுவந்து தருகிற மனிதர். அன்று பால் மட்டும்தான் வந்தது.

"வெளிய இன்னா சத்தம்?" என்று கேட்டேன். (அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.)

"பத்தொம்பது ஜோடி காணோம் அம்மா. ரெண்டு ஜோடி மாத்தி வெச்சிருக்கு. பெரிய ஸ்டூவர்டு சொல்றான், நீ குடிச்சிருக்கே, குடிச்சி கடல்ல போட்டே. நாளைக்கி ஏடன்ல எறக்கி விடறேன் சொல்றான்."

"நீங்க குடிப்பீங்களா?"

"கிறிஸ்மஸ் மட்டும். மூணு பொண்ணு இருக்கு அம்மா எனக்கு. இந்த வேலை போனா வேற கம்பெனி எடுக்காது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க ஐயா பூட்ஸ் மட்டும் எடத்துல இருக்கு. அத பாத்துத்தான் கொஞ்சம் தைரியம்."

அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி மேல் படுக்கையின் திரை தொங்கிக்கொண்டிருந்தது. ரூபி அதை நோக்கி விரலை நீட்டி, "ஜோடு, ஜோடு" என்றாள்.

"பாருங்க, பாப்பாக்குக்கூட நம்ம கஷ்டம் தெரியுது" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார் பெத்ரோ.

கதவு சாத்தியதும் சொன்னேன்: "ஏங்க, சத்தமில்லாம திருப்பி வெச்சா, அவரே பயந்துபோய் வெச்சார்னுதானே சொல்லுவாங்க?"

"துரை இருக்காரு."

"தெரியும்."

"சாயபுக்கு எழுதிடுவாரு."

"தெரியும்ங்க."

"அப்ப உன் இஷ்டம்." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கணவர் சொல்லைத் தட்டாதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பொய் சொல்லாதே என்றும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இரண்டும் ஒரே அறையில் எதிரெதிரே நின்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. முடிவு எடுக்க முடியாமல் ரூபியைத் தூக்கிக்கொண்டு ஜெபத்துக்குப் போனேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் கப்பல் தலைவரே ஜெபம் நடத்தினார். பந்தாட்டச் செருப்பு, படுக்கையறைச் செருப்பு என்று கிடைத்ததைப் போட்டுக்கொண்டு எல்லோரும் வந்திருந்தார்கள். துரை நடனத்துக்குப் போடும் மினுமினுப்பான ஜோடியில் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். நான் கடைசி வரிசை. மண்டியிடும்படி தலைவர் சொன்னார். எல்லோரும் மண்டியிட்டார்கள். அத்தனை பேருடைய உள்ளங்காலும் என்னைப் பார்த்துத் திரும்பியது. சிலர் வெறும் காலுறையோடு வந்திருந்தார்கள். ஒருவருடைய காலுறை ஓட்டை வழியாகப் பெருவிரல் ஒன்று எட்டிப் பார்த்தது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லோரும் மண்டியிட்டிருக்கும்போது நான் மட்டும் எழுந்து நின்றேன்.

பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் சொன்னேன். "உங்கள் பூட்சுகள் என்னிடம் இருக்கின்றன. அவை சுகமாக இருக்கின்றன. பெத்ரோ குடிக்கவில்லை." (மூன்றாவதை முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது.)

தலைவர் புத்தகத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஜெபத்தை முடித்துவிடலாமா, அம்மணி?" என்று கேட்டார். மறுபடி மண்டியிட்டேன். அவ்வளவு நீளமான ஜெபத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பெரிய ஸ்டூவர்டும் பெத்ரோவும் எங்கள் படுக்கை விரிப்பிலேயே மூட்டை கட்டி எல்லாவற்றையும் எடுத்துப்போனார்கள். துரை எங்கள் அறைக்கே வந்துவிட்டார். என் கணவர் ஐந்து நாளில் முதல் தடவையாக, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஏன் எடுத்தாய் என்று துரை கேட்டார். உப்புத் தண்ணீர் என்றேன்.

"உப்பு என்று எப்படித் தெரியும்?"

"அதில்தான் குளித்தேன்."

"வாயில் பட்டதா?"

"பட்டது."

துரை குனிந்து, தன் பூட்ஸின் தையலை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். தொண்டையைச் செருமிவிட்டுப் போய்விட்டார். அது கோபமா சிரிப்பா என்று சூயஸ் வரைக்கும் யோசித்தேன்.

ஏடனில் பெத்ரோவை இறக்கவில்லை. ஆனால் இரண்டு நாள் அவர் என்னோடு பேசவும் இல்லை. பாலை வைப்பார், போய்விடுவார். கப்பல் முழுவதும் என்னைக் காட்டிச் சிரித்ததைவிட அதுதான் உறுத்தியது. அவர் கண்ணீரைப் பார்த்துக்கொண்டே நான் சும்மா நின்றேன் அல்லவா? மூன்றாம் நாள் சாயங்காலம் கதவைத் தட்டினார். "அம்மா, பூட்ஸ் எடுக்க வந்திருக்கேன். இன்னிக்கி எனக்கா, உங்களுக்கா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே அழுதேன்.

துரை சாயபுவுக்கு எழுதத்தான் செய்தார். நாங்கள் சீமையில் பயந்துகொண்டே பிரித்த சாயபுவின் பதிலில் இரண்டே வரி: "பொண்ணு செஞ்சது சரி. உப்புத் தண்ணி ஆபத்து ஜாஸ்தி." என் கணவருக்குப் பயிற்சியும் கிடைத்தது. ஆனால் துரை அவரை எந்தத் தொழிற்சாலைக்கு அழைத்துப்போனாலும், பெயரைச் சொல்வதற்கு முன்பு, "அந்தப் பூட்ஸ் அம்மாளின் புருஷன்" என்றுதான் சொல்லுவாராம்.

இரண்டு வருஷம் கழித்து, அதே கம்பெனியின் வேறொரு கப்பலில் திரும்பினோம். அறைக் கதவின் பின்னால் பிரயாணிகளுக்கான விதிகளை ஒரு அட்டையில் அச்சடித்து மாட்டியிருந்தார்கள். எனக்கு விதி என்றால் ஒன்றுவிடாமல் படித்தாக வேண்டும். கடைசி விதியில் மட்டும் மை புதிதாக இருந்தது. பிற பிரயாணிகளின் அறை வாசலில் உள்ள பொருள்களை, பாதுகாக்கும் நல்லெண்ணத்துடனேயானாலும், யாரும் எடுத்து வைக்கலாகாது.

என் கணவர் அந்த அட்டையைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆம்பூர் வீட்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். கழற்றிவிடலாம் என்று நாலு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போது அதைப் பார்த்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிற ரூபி ஓடிவந்து, ஒரு எழுத்து விடாமல் தமிழில் சொல்லிக்காட்டுகிறாள். சொல்லி முடித்துவிட்டு, "கடல் மேல போற அத்தினி பேருக்கும் இதான் சட்டம். எங்கம்மா ஒருத்தருக்காகப் போட்டது" என்கிறாள்.

வந்தவர்கள் என்னை ஒரு முறை பார்க்கிறார்கள். சிலர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே வருகிறார்கள்.