வாசல் பக்கத்து வகிடு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல். என் நலத்தை விசாரிக்க வேண்டாம், நான் குத்துக்கல் மாதிரிதான் இருக்கிறேன். படுத்திருப்பது அவள். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய் நான்கு மாதம் ஆகிறது. இன்னும் சில வாரம்தான் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

போன வாரம் நீ போனில், "பொண்டாட்டிக்கு இப்படிச் செய்யற ஆளை நான் பார்த்ததே இல்லடா, கடவுள் உன்னைக் கைவிட மாட்டார்" என்றாய். இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன். அதனால் இதை உன்னிடம்தான் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று மட்டும் மேஜையைத் துடைத்தே ஆபீஸில் முப்பது வருடம் ஓட்டியவன் நான், வீட்டிலும் அதே புத்திதான், மாலை ஐந்து மணிக்குப் பிரார்த்தனைக் கூடத்து ஆட்கள் அவளைப் பார்க்க வருவார்கள், வாசல் மணி அடித்த பிறகுதான் சீப்பையே எடுப்பேன், அவர்கள் நுழையும்போது நான் பாதி சீவிக்கொண்டிருக்க வேண்டாமா, வகிட்டையும் வாசலிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிற பக்கமாக எடுப்பேன், அவள் நல்ல கையால் என் கையைத் தட்டிவிடுவாள், நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "நோய்க் கோபம். கடவுளுக்குச் செய்யற சேவையா நெனச்சுப் பொறுத்துக்கறேன்" என்பேன், அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், நானும் துடைத்துக்கொள்வேன்.

செவ்வாய்க்கிழமை அடைமழை. ஒருவரும் வரவில்லை, நானும் சீப்பை எடுக்கவில்லை. ஆறரை மணிக்கு வழக்கம்போல ஊசி போட நர்ஸ் வந்தபோது, காலையிலிருந்து ஒரு கொத்து முடி அவள் வாயோரம் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பக்கத்து நாற்காலியில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் திட்டவில்லை. முடியை விலக்கிவிட்டு, சுவரில் இருந்த அவள் போட்டோவைப் பார்த்தார்.

"சார், அம்மா இடது பக்கமில்ல வகிடு எடுப்பாங்க? நீங்க ஏன் தினம் மாத்தி எடுக்கறீங்க?"

முப்பத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவனுக்கு அது தெரியவில்லை, அக்கா. நோய்க் கோபமாவது மண்ணாங்கட்டியாவது. அந்தப் பக்கம் இல்லை என்று நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை துடைக்கத் தோன்றவில்லை.

நர்ஸ் போன பிறகு இடது பக்கம் வகிடு எடுத்துச் சீவினேன். யாரும் பார்க்கவில்லை. அவள் தட்டிவிடவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் கடவுளுக்கென்று செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அத்தானுக்கு வணக்கம் சொல். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: யாரும் பார்க்கவில்லை என்று எழுதியது உண்மைதான். ஆனால் மழை விட்டிருந்தது, யாராவது வந்தால் கண்ணில் படட்டும் என்று வாசல் கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன். இன்று காலை கதவைச் சாத்திவிட்டுச் சீவினேன். என் கையைப் பிடித்துக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை. இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், அக்கா.