மடி அனுப்பிய மாமன்

குளிர் ஏறுகிறது, இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள் கண்ணுகளே. தன் மடியைத் தபாலில் அனுப்பிய ஒரு மனுஷனின் கதையைச் சொல்கிறேன்.

இலங்கையில் கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்தான் வீரையா. இராமநாதபுரத்திலிருந்து தங்கை அழகம்மாவின் கடிதம் வந்திருந்தது. கணக்கப்பிள்ளை வாசித்தார்: “மகளுக்கு ஆவணியில் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டும். நீ வராவிட்டால் ஒன்றுவிட்ட அண்ணன் பெரியதம்பி மடி கொடுக்கிறானாம்.”

கடல் தாண்டி வந்த ஐந்து வருஷத்தில் தங்கையின் கல்யாணம் தவறியது. அப்பாவின் கருமாதியும் தவறியது. இதை மட்டும் விடுவதில்லை என்று பல்லைக் கடித்தான் வீரையா.

“நான் உசுரோட இருக்கையில பெரியதம்பி மடியா?”

“கொழுந்து குவியுதுப்பா. இப்ப லீவு கேட்டா தொரை பேரை வெட்டிருவாரு,” என்றார் கணக்கப்பிள்ளை.

“அப்ப மடிய மட்டும் அனுப்புறேன்!”

ஞாயிற்றுக்கிழமை கண்டிக்கு ரயிலேறினான். ஜமால்தீனின் போட்டோக் கடையில் இரவல் கோட்டுடன் நிமிர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டான். வந்த படத்தைப் பார்த்துப் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் குடியிருந்த இருளப்பன் சிரித்தான்.

“மடி எங்கடா? வெறச்சுப் போயி நிக்கிற!”

அடுத்த ஞாயிறு, கதிரையில் உட்கார்ந்து ஒரு படம்.

“இது தொரைமாரு மடி. நம்ம சனம் சம்மணம் போட்டுல்ல உக்காரும்?” என்றான் இருளப்பன்.

மூன்றாம் ஞாயிறு, தரையில் சம்மணம். ஜமால்தீன் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினார்.

“என்ன தம்பி, சோத்துக்குக் காத்திருக்கிற மாதிரி இரிக்கிறீங்க?”

தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி ஆஸியா உம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. “வெறும் மடி ஆருக்கு விளங்கும்? நம்மட புள்ளய வச்சு எடுங்க.” தன் குழந்தை ஜெஸீமாவைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

படம் பிரமாதம். “மடி அனுப்பியிருக்கிறேன், பயன்படுத்திக்கொள்ளவும்” என்று ஒரே வரி எழுதச்சொல்லித் தபாலில் சேர்த்தான்.

பதில் இடியாய் வந்தது. “அண்ணா, இலங்கையில் உனக்குக் குடும்பமா? உன் பிள்ளையின் காதில் தங்கத் தோடு தெரிகிறது. என் மாமியார் தன் இளைய மகள் பாப்பம்மாவை உனக்கென்று வைத்திருந்தாள். இப்போது பாப்பம்மா சோறு தின்னவில்லை.”

வீரையா பதறிப்போய் மறுகடிதம் எழுதச் சொன்னான்: “சத்தியமாக அது என் பிள்ளை இல்லை. போட்டோக்காரர் பெண்சாதி என் மடியில் வைத்தது.”

கணக்கப்பிள்ளை பேனாவை நிறுத்தினார். “இத அப்படியே எழுதவா?”

“உள்ளதத்தானே சொல்றேன், எழுதுங்க!”

அதற்குப் பதில் தந்தியில் வந்தது: “அடுத்தவன் பெண்சாதியா? புறப்பட்டுவிட்டோம்.”

ஒரு வாரத்தில் அழகம்மா, அவள் புருஷன் காளிமுத்து, மூன்று வயது மகள், மூவரும் லயத்து வாசலில் நின்றார்கள். காளிமுத்து மச்சானை விலக்கிக்கொண்டு வாசற்படி ஏறினான். நேரே உள்ளே போய்த் தேடினான். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு குவளை. அடுப்பில் கருகிப்போன ரொட்டி. சேலை ஒன்று கூடக் கொடியில் இல்லை.

“பாவம் மச்சான், ஒத்தக்கட்டதேன்,” என்று வெளியே வந்தான்.

மறுநாள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், வீரையாவின் சொந்த மடியில் வைத்தே காது குத்தினார்கள். குழந்தை வீறிட்டதில் மலை எதிரொலித்தது. மாமன் வேட்டியும் நனைந்தது. அவனுக்கோ ராஜாங்கம் கிடைத்த சந்தோஷம். ஆனாலும் ஒரு குறை.

“ஏன் ஆத்தா, கூடப் பொறந்தவ நீயுமா என்னையச் சந்தேகப்பட்டே?” என்றான் மெதுவாக.

அழகம்மா புருஷன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“வெறகுக்கட்டு மாதிரி நீ அதப் பிடிச்சிருந்த லட்சணத்துலேயே தெரியும், இரவல் புள்ளைன்னு. மாமியா காதுல அந்தக் கதையப் போட்டதே நாந்தேன். இல்லாட்டி என்னையக் கப்பலேற விட்டிருப்பாளா?”

உங்கள் வீட்டு விசேஷங்களுக்கும், கண்ணுகளே, தூரத்தில் இருக்கிறவர்களெல்லாம் வந்து சேரட்டும். பந்தியில் இலை போதாமல் போகட்டும்.