நீங்கள் பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள்

காலை நிகழ்ச்சி நடத்தும் அன்புத் தம்பிக்கு,

பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் எழுதிக்கொள்வது. உங்கள் நலமறிய ஆவல் என்று முறைப்படி எழுத வேண்டும். ஆனால் உங்களுக்குச் சளி பிடித்தது, செருப்பு அறுந்தது, பக்கத்து வீட்டு நாய் உங்களைப் பார்த்து மட்டும் குரைப்பது எல்லாவற்றையும் நீங்களே மைக் முன்னால் உட்கார்ந்து ஊருக்கே சொல்லிவிடுவதால், நான் அறிவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. இங்கே நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வேலையில் இருந்த காலமெல்லாம் முதல் வண்டியை அனுப்புவதற்காக விடியுமுன்பே கிளம்பிவிடுவேன். உங்கள் நிகழ்ச்சி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. என் மனைவிதான் சமையலறையில் ஃபிரிட்ஜ் மேல் சின்ன ரேடியோவை வைத்துக்கொண்டு கேட்பாள். ஓய்வுபெற்ற பிறகு போக இடமில்லாமல் நானும் அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வம்பு அன்றைக்கு ஆரம்பித்தது. நீங்களும் உங்களோடு பேசும் அந்தத் தங்கச்சியும் தினம் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். நான் முதல் நாளே உங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டேன், என் மனைவி தங்கச்சி கட்சி. நீங்கள் இருவரும் பத்து மணிக்குச் சிரித்து, ஒரு பாட்டைப் போட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். எங்கள் வீட்டில் பாட்டுப் போட ஆள் இல்லை. நீங்கள் விட்ட இடத்தில் பிடித்து, படுக்கப் போகும்வரை நாங்கள் இழுப்போம்.

ஐம்பதைத் தாண்டிய கதாநாயகன் கல்லூரி மாணவனாக நடிக்கலாமா என்று ஒரு நாள் கேட்டீர்கள், வயசெல்லாம் மனசுலதான் இருக்கு என்று நீங்களே அடித்துச் சொன்னீர்கள், அதை நம்பி அன்று சாயங்காலமே மீசைக்கு மை வாங்கிப் பூசினேன், பாதி மீசையில் பிடித்தது, மீதி தலையணை உறையில் பிடித்தது. "இந்த மீசை துவைச்சாலும் போகலையே, என்ன பண்ணலாம்?" என்று என் மனைவி உறையைத் தூக்கிக் காட்டினாள். சரி, அது போகட்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து பார்க்கிற தொடரை ஒருவர் மட்டும் முன்னதாகப் பார்ப்பது துரோகமா என்று இன்னொரு நாள் தலைப்பு. துரோகமே இல்லை, வெறும் ஆர்வம் என்றீர்கள். எனக்கு வசதியாகப் போயிற்று. அவள் பல் பிடுங்கப் போயிருந்த நேரத்தில் கடைசிப் பகுதிவரை பார்த்து முடித்தேன். பார்த்தவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அன்று ராத்திரி வீங்கின கன்னத்தோடு வந்து உட்கார்ந்தவள், தொடரில் வரும் தோட்டக்காரனைக் காட்டி, "இவன் முழியே சரியில்ல" என்றாள். "பாவம், அவன் இல்ல, டாக்டர்தான்" என்று உளறிவிட்டேன். தம்பி, கொலை செய்த டாக்டருக்குக்கூட அவ்வளவு பெரிய தண்டனை கிடைக்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் போன சனிக்கிழமை வந்தது. மனைவி இல்லாமல் கணவன் ஒரு வாரம் வீட்டைச் சமாளிப்பானா என்று தலைப்பு. முடியவே முடியாது என்றது தங்கச்சி. "ஒரு வாரம் என்ன, ஒரு மாசம் சமாளிப்போம். வீடும் அமைதியா இருக்கும்" என்றீர்கள் நீங்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, "அப்படிச் சொல்லு தம்பி" என்று கை தட்டிவிட்டேன். அவள் அடுப்பை அணைத்தாள். ஈரக் கையைத் துடைத்தாள். "சமாளிங்க" என்றாள். பையை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது ரேடியோவையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு பணிமனை வண்டிகளையே நேரத்துக்கு அனுப்பியவனால் ஒரு சட்டிப் பாலை நேரத்துக்கு இறக்க முடியவில்லை. உங்கள் நிகழ்ச்சியைக் கேட்க முடிதிருத்தும் கடைக்குத் தினமும் போகிறேன். "சார், இனிமே வழிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, சும்மா உக்காந்து கேட்டுட்டுப் போங்க" என்று கடைக்காரரே பரிதாபப்பட்டுவிட்டார். வீடு நீங்கள் சொன்னபடியே அமைதியாக இருக்கிறது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவள் இல்லாமல் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போன் போட்டால் மகள் எடுத்து, "அம்மா ரேடியோ கேக்கறாங்கப்பா, அப்புறம் பேசுங்க" என்கிறாள்.

ஆகவே தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக் காலை தங்கச்சியிடம் தோற்றுவிடுங்கள். நான் சொன்னது தப்பு, ஒரு நாள்கூடச் சமாளிக்க முடியாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இதையே நான் சொன்னால் நடிக்கிறேன் என்பாள், ரேடியோவில் வந்தால் நம்புவாள். என்னை மட்டும் இழுத்துவிடாதீர்கள். கடிதத்தை நானே கொண்டுவந்து நிலைய வாசலில் காவலரிடம் கொடுக்கிறேன்.

தொண்டை கட்டாமலும் செருப்பு அறுபடாமலும் நீங்கள் நெடுங்காலம் பேசிக்கொண்டே இருக்க என் ஆசி. தங்கச்சிக்கும் என் அன்பு, உங்களுக்கு வைத்ததைவிடக் கொஞ்சம் குறைவாக.

இப்படிக்கு,
இந்த வீட்டில் உங்கள் கட்சியின் ஒரே தொண்டன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்விட்டாளாம், எடுத்துப்போக வந்தாளாம். கண்ணாடி அவள் மூக்கிலேயே இருந்தது. இந்த ஒரு தடவை நான் வாயைத் திறக்கவில்லை. அதே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்தாள், சிரித்தாள்.

"இந்தத் தம்பி பேசறதையா நம்பினீங்க? அவங்க தினம் பூவா தலையா போட்டுத்தான் யார் எந்தப் பக்கம்னு முடிவு பண்றாங்க. நான் ஒரு தடவை போன் பண்ணப்ப அந்தப் பொண்ணே சொல்லிச்சு."

"எப்ப?"

"நீங்க ரிட்டையர் ஆகறதுக்கு ரொம்ப முன்னாடியே."

ஒரு காசு விழுந்த பக்கத்துக்காக மீசையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். "அப்ப எதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனே?" என்று கேட்டேன். "அவன் சொன்னதுக்கு இல்ல, நீங்க கை தட்டினதுக்கு" என்றாள். "எல்லாம் தெரிஞ்சுமா தினம் என்கூட மல்லுக்கு நின்னே?" என்றேன். பையிலிருந்து ரேடியோவை எடுத்து ஃபிரிட்ஜ் மேல் பழைய இடத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "வேலைக்குப் போன காலத்துல, சாப்பாடு ஆச்சா, கதவைப் பூட்டினியா, இதைத் தவிர என்கிட்ட என்ன பேசியிருக்கீங்க? இப்பதானே பேசறீங்க."

ஆகவே தம்பி, மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்கிறேன். தயவுசெய்து தோற்றுவிடாதீர்கள். பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் நான் உங்கள் கட்சிதான். தலைப்பை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரியதாகப் பார்த்து எடுங்கள். சில நாள் மத்தியானத்தோடு தீர்ந்துபோய்விடுகிறது.